பழைய திங்க்பேட் டி430-க்கு நான் செய்துவைத்திருக்கும் மீட்பு ஏற்பாடுகள்

2022 கடைசியில் சென்னை ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டில் லெனோவோவின் திங்க்பேட் டி430 லேப்டாப் ஒன்று வாங்கினேன். 2012-இல் வந்த மாடல். மூன்றாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், கடையில் மாற்றிக் கொடுத்த 240 ஜிபி எஸ்எஸ்டி. கம்பெனிகளில் லீஸ் முடிந்து மொத்தமாக வெளியே வரும் மெஷின்களில் ஒன்று. கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக அழைப்பிதழ், பள்ளி ஆண்டு மலர் என்று என் டிடிபி வேலை இன்றுவரை இதில்தான் ஓடுகிறது. இதன் வேகத்தையும் கீபோர்டையும் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். முகூர்த்தத்துக்கு முந்தைய வாரம் இது பூட் ஆகாமல் நின்றால் எத்தனை மணி நேரத்தில் மறுபடி வேலைக்கு உட்கார முடியும் என்பதுதான் எனக்கு முக்கியம். அதை மட்டும் எழுதுகிறேன்.

வாங்கும்போதே கடைப் பையனிடம் கேட்டேன்: "தம்பி, ரெக்கவரி பார்ட்டிஷன் (விண்டோஸ் கெட்டால் மீட்க டிஸ்கில் ஒதுக்கிய தனிப் பகுதி) இருக்கா?" "எல்லாம் ஃபார்மட் பண்ணி ஃப்ரெஷ்ஷா விண்டோஸ் போட்டுத்தான் சார் தருவோம்" என்றார். அவர் சொன்னது உண்மை. லெனோவோ தந்த மீட்புப் பகுதி பழைய ஹார்ட் டிஸ்கில் இருந்தது. டிஸ்கை மாற்றியதோடு அதுவும் போய்விட்டது. புதிதாக விண்டோஸ் 10 போடும்போது அது தானாகவே ஒரு சின்ன ரெக்கவரி பார்ட்டிஷனை உருவாக்கிக்கொள்கிறது. சில நூறு எம்பிதான் அதன் அளவு. பழுது பார்க்கும் கருவிகள் மட்டுமே அதில் இருக்கும், முழு விண்டோஸ் இருக்காது. 2024 ஜனவரியில் கேபி5034441 என்ற அப்டேட் உலகம் முழுவதும் பலருக்கு ஏறாமல் நின்றதற்குக் காரணமும் இந்தச் சின்ன அளவுதான். அதற்கு அந்தப் பார்ட்டிஷனில் 250 எம்பி காலியிடம் வேண்டியிருந்தது, பல மெஷின்களில் அது இல்லை.

இடம் போதுமா என்பதைவிட, அது எங்கே இருக்கிறது என்பதுதான் பெரிய சிக்கல். எந்த டிஸ்க் கெட்டால் மீட்க வேண்டுமோ, அதே டிஸ்கில்தான் மீட்புக் கருவியும் இருக்கிறது. வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டியதற்குச் சமம். கடையில் போட்ட எஸ்எஸ்டி 2024-இல் ஒரு காலை திடீரென்று பயாஸிலேயே (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருள்) தெரியாமல் போனபோது, அதிலிருந்த ரெக்கவரி பார்ட்டிஷனும் ரீஸ்டோர் பாயிண்டுகளும் (விண்டோஸ் குறித்துவைக்கும் முந்தைய நிலைகள்) சேர்ந்தே போயின. அன்று கைகொடுத்தது வெளியே, தனி ஹார்ட் டிஸ்கில் எடுத்துவைத்திருந்த முழு டிஸ்க் இமேஜ், அதாவது டிஸ்கில் உள்ள அத்தனையையும் அப்படியே எடுத்த நகல்.

விண்டோஸைத் தானே மறுபடி நிறுவிக்கொள்ளவைக்கும் "ரீசெட் திஸ் பிசி" போதாதா என்று பலரும் கேட்பார்கள். மின்னஞ்சல், இணையம் என்று மட்டும் பயன்படுத்துகிறவர்களுக்கு அது போதும். கோப்புகளை வைத்துக்கொள்ளச் சொன்னால் ஆவணங்கள், படங்கள் தப்பிக்கும். நாம் தனியாகப் போட்ட மென்பொருள்கள் போய்விடும். எனக்கு அது ஆகாது. வானவில், பாமினி என்று யூனிகோடுக்கு முந்தைய பழைய குறியேற்றங்களில் அடித்த கோப்புகள் வாடிக்கையாளர்களிடமிருந்து இன்னும் வருகின்றன. அதற்கான எழுத்துருக்கள், தமிழ்99 விசைப்பலகைக்கு என்ஹெச்எம் ரைட்டர், பிரிண்டர் டிரைவர், அந்தப் பிரிண்டருக்கென்று சரிசெய்த வண்ண அமைப்பு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தேடிப் போட்டு முடிப்பதற்குள் முகூர்த்தமே முடிந்துவிடும். இமேஜில் அத்தனையும் இருந்த இடத்தில் இருந்தபடியே திரும்பி வரும்.

இமேஜ் எடுக்க நான் பயன்படுத்துவது குளோன்சில்லா. தைவானின் உயர்செயல்திறன் கணிப்பு மையம் உருவாக்கியது, இலவசம். வெறும் எழுத்துத் திரை, அடுத்தடுத்துக் கேள்விகள், அம்புக்குறி விசையால் பதில். அந்தத் திரையைப் பார்த்துத் தயங்குகிறவர்களுக்கு ரெஸ்க்யூசில்லா இருக்கிறது. மவுஸால் இயக்கலாம், குளோன்சில்லா எடுத்த இமேஜையும் அது படிக்கும். என் டிஸ்கில் எழுதப்பட்டிருப்பது 60 ஜிபி அளவுக்குத்தான். காலியிடத்தை விட்டுவிட்டு அதை மட்டும் நகலெடுப்பதால், நீல நிற யுஎஸ்பி 3.0 போர்ட்டில் ஹார்ட் டிஸ்கைச் செருகினால் அரை மணி நேரத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான்.

இதில் இரண்டு விஷயங்களை முன்பே தெரிந்துகொள்வது நல்லது. விண்டோஸில் "ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்" இயங்கிக்கொண்டிருந்தால் ஷட் டவுன் செய்தாலும் மெஷின் முழுதாக அணைவதில்லை, பாதி உறக்க நிலையில்தான் நிற்கிறது. அந்த நிலையில் குளோன்சில்லா பார்ட்டிஷனை நகலெடுக்க மறுக்கும். பவர் ஆப்ஷன்ஸில் போய் அதை நிறுத்திவிட வேண்டும். அடுத்தது டிஸ்கின் அளவு. இமேஜைத் திருப்பிப் போடும் டிஸ்க் பழையதற்குச் சமமாகவோ பெரிதாகவோ இருக்க வேண்டும். 240-இல் எடுத்தது 256-இல் சுலபமாக உட்காரும். 256-இல் எடுத்ததை 240-இல் போடத் தனியாக வேலை செய்ய வேண்டும். மாற்று எஸ்எஸ்டி வாங்கும்போது இதைப் பார்த்தே வாங்கினேன். டி430-இல் அடிப்புறம் ஒரே ஒரு திருகைக் கழற்றினால் டிஸ்க் வெளியே வந்துவிடும். பழைய மாடல் வாங்குவதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. இப்போது வரும் மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் அடித்தகடு முழுவதையும் கழற்ற வேண்டியிருக்கிறது.

எஸ்எஸ்டி போனதற்கு முன்பு ஒருமுறை, அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய், வயதான பேட்டரி சில நிமிடங்கள்கூடத் தாங்காமல் மெஷின் அணைந்தது. அதன் பிறகு "ஆட்டோமேட்டிக் ரிப்பேர்" திரையிலேயே சுற்றிச் சுற்றி வந்தது. ஸ்டார்ட்அப் ரிப்பேர் கைவிரித்தது. அப்போதும் இமேஜ்தான். மதியம் கரண்ட் வந்ததும் ஆரம்பித்தேன், சாயங்காலம் பத்திரிகை ப்ரூஃப் அனுப்பிவிட்டேன். சிஸ்டம் ரீஸ்டோரை நான் நம்புவதில்லை. விண்டோஸ் 10-இல் பெரும்பாலும் அது இயக்கப்படாமலேயே இருக்கும். இயக்கிவைத்தாலும், ஒரு டிரைவர் தகராறு செய்யும்போது முந்தைய நிலைக்குப் போவதற்குத்தான் உதவும். அதற்காக மட்டும் இயக்கிவைத்திருக்கிறேன்.

மீட்பு பென் டிரைவைச் செய்துவைத்தால் மட்டும் போதாது. அது இந்த மெஷினில் பூட் ஆகிறதா என்று அன்றே, ஆன் செய்ததும் எஃப்12 அழுத்திப் பார்த்துவிட வேண்டும். டி430 மாதிரி இடைக்கால மாடல்களில் பூட் ஆவதற்குப் பழைய லெகசி முறையும் இருக்கிறது, புதிய யுஇஎஃப்ஐ முறையும் இருக்கிறது. கடையில் எந்த முறையில் விண்டோஸ் போட்டார்கள் என்பது வாங்குகிறவருக்குத் தெரியாது. "சிஸ்டம் இன்ஃபர்மேஷன்" திறந்து "பயாஸ் மோட்" என்ற வரியைப் பாருங்கள். என்னுடையதில் லெகசி. அந்த நிலையில் யுஇஎஃப்ஐ வழியாகப் பூட் ஆன பென் டிரைவிலிருந்து விண்டோஸ் போட முயன்றால், டிஸ்கில் எம்பிஆர் அட்டவணை (பார்ட்டிஷன்களைக் குறித்துவைக்கும் பழைய முறை) இருக்கிறது என்று சொல்லி நிறுவல் நின்றுவிடும். டிஸ்கில் எந்தப் பழுதும் இருக்காது. இது தெரியாமல் டிஸ்க் போய்விட்டது என்று புதிது வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பென் டிரைவிலும் கவனம் வேண்டும். விண்டோஸின் சொந்த ரெக்கவரி டிரைவுக்கு, சிஸ்டம் கோப்புகளோடு சேர்த்து, 16 ஜிபி வேண்டும். விண்டோஸ் நிறுவும் பென் டிரைவைச் செய்துதரும் மீடியா கிரியேஷன் டூலுக்கு 8 ஜிபி போதும். மலிவு விலைக்குக் கிடைப்பவற்றில் 64 என்று அச்சிட்டு உள்ளே 8 மட்டும் இருக்கும் போலிகள் உண்டு. அவை எழுதும்போது பிழை காட்டாது. படிக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சின்ன மென்பொருளால் முழுவதும் எழுதிப் படித்துச் சோதித்த பிறகே நான் எதையும் மீட்புக்கு ஒதுக்குகிறேன்.

வாங்கும் அன்றே கடையில் நின்று பார்க்க வேண்டியவையும் உண்டு. ஆன் செய்ததும் எஃப்1 அழுத்தி பயாஸுக்குள் போங்கள். சூப்பர்வைசர் பாஸ்வேர்டு (பயாஸ் அமைப்புகளைப் பூட்டிவைக்கும் கடவுச்சொல்) கேட்டால் அந்த மெஷினை வாங்காதீர்கள். திங்க்பேடில் அது தெரியாமல் போனால் மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்பதுதான் லெனோவோவின் நிலைப்பாடு. உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரியைக் கழற்றினாலும் அழியாது. அடுத்து விண்டோஸ் உரிமம். கட்டளைத் திரையில் எஸ்எல்எம்ஜிஆர் கட்டளையை எக்ஸ்பிஆர் சேர்த்துக் (slmgr /xpr) கொடுத்தால், நிரந்தரமாக ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா, ஒரு தேதியோடு காலாவதி ஆகுமா என்று சொல்லிவிடும். தேதி காட்டினால், ஏதோ ஒரு நிறுவனத்தின் மொத்த உரிமமாகவோ திருட்டு ஆக்டிவேட்டராகவோ இருக்க வாய்ப்பு அதிகம். மறுபடி நிறுவும்போது அது உங்களோடு வராது. உண்மையான டிஜிட்டல் உரிமம் மதர்போர்டோடு பிணைந்தது. அதே பதிப்பை மறுபடி போட்டு, கீ கேட்கும் இடத்தைத் தாண்டிப் போய் இணையத்தோடு இணைத்தாலே ஆக்டிவேட் ஆகிவிடும்.

அந்தப் பட்டன் பேட்டரி தீர்ந்தால் வேறு ஒரு தொல்லை வரும். தேதி பல ஆண்டுகள் பின்னுக்குப் போய், இணையதளங்கள் எல்லாம் பாதுகாப்புச் சான்றிதழ் பிழை காட்டும், ஆக்டிவேஷனும் நடக்காது. மீட்பு வேலையின் நடுவில் இது சேர்ந்துகொண்டால் எது கெட்டது என்றே பிடிபடாது. அதனால் முதலில் தேதியைப் பாருங்கள்.

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப்பும் இன்டெலில் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ ஆன பிராசஸரும் வேண்டும், டி430-க்கு இரண்டும் இல்லை. நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட்டுகளில் சேர்ந்து 2026 அக்டோபர் 13 வரை நேரம் வாங்கியிருக்கிறேன். அதற்குப் பிறகு இந்த எஸ்எஸ்டி இணையத்தைத் தொடாமல் டிடிபிக்கு மட்டும். இரண்டாவது எஸ்எஸ்டியில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு இணைய வேலைகளை அங்கே நகர்த்தத் தொடங்கிவிட்டேன். மின்டில் டைம்ஷிஃப்ட் இருக்கிறது. சிஸ்டம் கோப்புகளை அவ்வப்போது படம் பிடித்து வைக்கும், லைவ் பென் டிரைவிலிருந்தும் (நிறுவாமலே மின்ட் ஓடும் பென் டிரைவ்) அதைத் திருப்பிப் போடலாம். இயல்பாக அது ஹோம் கோப்புறையைத் தொடாது, ஆகவே ஆவணங்களுக்குத் தனியாக நகல் எடுக்க வேண்டும். விண்டோஸ் 10-இன் ஐஎஸ்ஓ கோப்பு (மறுபடி நிறுவுவதற்கான முழுத் தொகுப்பு), விண்டோஸின் டிஸ்ம் (DISM) கட்டளையால் ஏற்றுமதி செய்த டிரைவர்கள், எழுத்துருக்கள், கடைசி இமேஜ் ஆகிய நான்கையும் வெளி ஹார்ட் டிஸ்கில் வைத்திருக்கிறேன். இமேஜை மட்டும் இரண்டாவதாக ஒரு டிஸ்கிலும் நகலெடுத்து அக்கா வீட்டில் கொடுத்திருக்கிறேன்.