மடக்குக் கூடும் மின்னோ கூடும்: மூன்று பருவம் சேற்றில் போட்டுப் பார்த்தபின்

நண்டு பிடிக்கப் பன்னிரண்டு மடக்குக் கூடு கேட்டிருந்தோம். பெட்டியைப் பிரித்தால் மூன்றில் கொக்கி இல்லை, ஒன்றில் வலை ஓரமாகக் கிழிந்திருந்தது. விற்ற கடைக்கு எழுதினேன். படம் அனுப்புங்கள் என்றார்கள். அனுப்பினேன். வேறு கோணத்தில் அனுப்புங்கள் என்றார்கள். அதற்குள் பருவம் தொடங்கிவிட்டது. கொக்கி இருக்க வேண்டிய இடத்தில் கேபிள் டை போட்டுக் கட்டிச் சேற்றில் இறக்கிவிட்டேன். மூன்று வருடமாக அந்த மூன்று கூடுகள்தான் பிசகாமல் உழைக்கின்றன. கடையின் பெயர் வேண்டாம், கூட்டைப் பற்றித்தான் பேச்சு.

நான் வேலை பார்ப்பது அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், பசிபிக் கரையில் இருக்கும் வில்லாப்பா விரிகுடாவில். ஐரோப்பியப் பச்சை நண்டைப் பிடித்து அப்புறப்படுத்துவதுதான் வேலை. படித்தது பரங்கிப்பேட்டையில். அங்கே நண்டுக் குஞ்சு சாகாமல் வளர்ப்பது எப்படி என்று ராத்திரி ராத்திரியாகத் தொட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இங்கே நண்டைக் கொல்லச் சம்பளம். அம்மாவுக்கு இது இன்னும் பிடிபடவில்லை.

இந்த நண்டு 1817 வாக்கிலேயே அமெரிக்காவின் கிழக்குக் கரைக்குக் கப்பலோடு வந்துவிட்டது. மேற்குக் கரையில், சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில், 1989-இல் கண்டார்கள். நண்டுக் குஞ்சு வாரக்கணக்கில் நீரில் மிதந்து திரியும். நீரோட்டம் எங்கே கொண்டுபோகிறதோ அங்கே இறங்கும். 1997-98 எல் நினோ வருடத்தில் வடக்கே ஓடிய வெதுவெதுப்பான நீரோட்டம் இவற்றையும் சுமந்து வந்தது. 1998-இல் வில்லாப்பாவில் முதல் நண்டு கிடைத்தது. பிறகு பல வருடம் பெரிதாக ஒன்றும் இல்லை, எல்லோரும் கொஞ்சம் அசந்துவிட்டார்கள். 2021-இல் வடக்கே லம்மி பழங்குடியினரின் கடற்குளத்தில் மட்டும் எழுபதாயிரத்துக்கு மேல் பிடிபட்டபோதுதான் தூக்கம் கலைந்தது. 2022 ஜனவரியில் மாநில ஆளுநர் ஜே இன்ஸ்லீ இதற்காகவே அவசர நிலை ஆணை பிறப்பித்தார். நண்டுக்கு அவசர நிலையா என்று சிரிக்க வேண்டாம். சிப்பி, மட்டி வளர்த்துப் பிழைக்கும் ஊர்கள் இவை. மட்டிக் குஞ்சை உடைத்துத் தின்னும், தோண்டித் தோண்டிக் கடற்புல்லை வேரோடு பிடுங்கிப் போடும். அந்தப் புல்லுக்குள் வளர வேண்டிய உள்ளூர் டஞ்சனெஸ் நண்டுக்கு இடமே இல்லாமல் போகும்.

சரி, கூடு.

மடக்குக் கூடு என்று நான் சொல்வது செவ்வகப் பெட்டி வடிவம். ஏறக்குறைய இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், முக்கால் அடிக்குச் சற்றுக் குறைந்த உயரம். கம்பிச் சட்டம், அதன்மேல் கறுப்பு நைலான் வலை, அரை அங்குலக் கண்ணி. இரண்டு முனையிலும் வலை உள்நோக்கிச் சரிந்து வந்து, நடுவில் ஒரு நீளக் கீறலாக முடியும். அதுதான் வாய். நண்டு சரிவில் ஏறிக் கீறலுக்குள் நுழைந்து கீழே விழும். திரும்பி வர வழி தெரியாது. மடக்கினால் தட்டையாகிவிடும். பிளாஸ்டிக் சறுக்குப் பலகையில் இருபதை அடுக்கி இடுப்பில் கயிறு கட்டி இழுத்துப்போகலாம்.

இந்த வசதியின் அருமை வில்லாப்பாச் சேற்றில் நடந்தவர்களுக்குத்தான் தெரியும். என் அம்மா ஊர் கீழக்கரை. அங்கே கடல் ஏறினாலும் வற்றினாலும் ஒரு மீட்டருக்குள்தான். இங்கே இரண்டரை, மூன்று மீட்டர். வற்றினால் விரிகுடாவில் பாதிக்கு மேல் வெறும் சேறாகக் கிடக்கும், கண்ணுக்கெட்டிய தூரம் வரை பளபளவென்று. அழகுதான், காலை வைக்காதவரை. சில இடம் முழங்கால் வரை இழுக்கும் உளை. நின்று யோசித்தால் மாட்டிக்கொள்வீர்கள், நடந்துகொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் திரும்ப ஏறத் தொடங்குவதற்குள் கடைசிக் கூட்டை வைத்துவிட்டுக் கரைக்கு வந்தாக வேண்டும். அந்த அவசரத்தில் மடங்காத கூட்டைச் சுமப்பது நடக்காத காரியம்.

கூட்டின் படத்தை மாமாவுக்கு அனுப்பினேன். உடைக் குச்சியிலும் பனை நாரிலும் மீன் கூடு கட்டிப் பழகிய கை அவருடையது. நைலானைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. "தாயி, வாய் ரொம்ப அகலமால்ல இருக்கு? நண்டு போற வாயில நாய் போயிரும்" என்றார்.

நாய் போகாது, நீர்நாய் போகும். இரை வாசத்துக்கு நீர்நாய் தலையை விட்டு, உடம்பையும் விட்டு, வெளியே வர முடியாமல் மூழ்கிச் செத்தால் அது நம் பாவம். அதனால் எங்கள் கூடுகளில் வாய்க் கீறலைக் கேபிள் டையால் இரண்டு மூன்று இடத்தில் இறுக்கி, சின்னச் சின்ன வாய்களாகப் பிரித்துவிடுகிறோம். நண்டு போகும், நீர்நாய் போகாது. இதைப் பெட்டியிலேயே செய்து அனுப்ப என்ன கஷ்டம் என்று தெரியவில்லை. இன்னொன்று, தொலைந்த கூடு தொடர்ந்து பிடித்துக்கொண்டே இருக்கும். வாஷிங்டனில் சும்மா நண்டு பிடிக்கிறவர்கள்கூடத் தங்கள் கூட்டில் மக்கிப்போகும் பருத்தி நூலால் ஒரு பகுதியைக் கட்டியிருக்க வேண்டும் என்பது சட்டம். நூல் மக்கினால் வழி திறக்கும். இந்தக் கூட்டில் அப்படி எதுவும் இல்லை. ஒரு மூலையை வெட்டிப் பருத்தி நூலால் தைப்பது எங்கள் குளிர்கால வேலை. ஆக, வாங்கியதும் அப்படியே தூக்கிப்போகிற பொருள் அல்ல இது. கூடு ஒன்றுக்கு அரை மணி நேரத் தையல் வேலை உண்டு, அதையும் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

உழைப்பைப் பொறுத்தவரை, வலை நல்ல வலை. மூன்று பருவத்தில் நண்டுக் கொடுக்கு கிழித்ததைவிடச் சிப்பி ஓடு கிழித்ததுதான் அதிகம். கம்பியின் மேல்பூச்சு மூட்டுகளில் இரண்டாம் வருடமே உரிந்து துருப்பிடிக்கிறது. மடக்கும்போது விரலைக் கடிக்கும், குளிரில் கை மரத்திருக்கும்போது அது தெரியாது, வீட்டுக்கு வந்து பார்த்தால் நகம் கறுத்திருக்கும்.

அப்புறம் ஸ்டாக்ஹார்ன் என்னும் முள் மீன். தட்டைத் தலை, செவுள் மூடியில் மான் கொம்புபோல் முள். சிலநாள் நண்டைவிட இதுதான் கூட்டில் நிறைந்து கிடக்கும். கையுறை இல்லாமல் தொட்டால் அன்று முழுக்க அந்த விரல் நினைவில் இருக்கும். உள்ளூர் மீனையும் நண்டையும் எண்ணிக் குறித்துக்கொண்டு அங்கேயே விட்டுவிடுகிறோம்.

மின்னோ கூடு இதற்கு நேர் எதிர். துத்தநாகம் பூசிய கம்பி வலையில் உருளை வடிவம், இரண்டு பாதியாகப் பிரியும், நடுவில் ஒரு கம்பிக் கொக்கி. இரண்டு முனையிலும் புனல்போல் உள்ளே போகும் வட்ட வாய். சின்ன மீன் பிடிக்கச் செய்தது என்பதால் வாய் சிறிது. நண்டுக்கு ஆகவேண்டும் என்றால் கம்பியை வெட்டி இரண்டு அங்குலத்துக்கு அகலப்படுத்த வேண்டும். வெட்டிய முனைகளை மடக்கிவிட மறந்தால் உங்கள் கையையோ வேடரின் காலையோ கிழிக்கும். நான் ஒரு வேடரை அப்படித்தான் இழந்தேன். (வேடர் என்றால் மார்பு வரை வரும் நீர்புகாக் காற்சட்டை. அதைப் பற்றித் தனியாக எழுதும் அளவுக்குக் கோபம் இருக்கிறது. குள்ளமான பெண்களுக்கு யாரும் தைப்பதில்லை என்பதோடு இப்போதைக்கு நிறுத்திக்கொள்கிறேன்.) உருளை என்பதால் நீரோட்டத்தில் உருண்டு போகும். ஒரு கம்பியைச் சேற்றில் குத்தி அதோடு கட்ட வேண்டும். நடுக்கொக்கி சேற்றில் விழுந்தால் போனதுதான். பையில் எப்போதும் பத்து உபரி வைத்திருக்கிறேன். ஒன்று சொல்ல வேண்டும், ஒரு மடக்குக் கூட்டின் காசுக்கு இதில் மூன்று வாங்கலாம்.

முதல் வருடம் இந்தக் கூட்டை மதிக்கவே இல்லை. ஜூன் மாதம் ஒரு விடிகாலை, சிற்றோடை ஒன்றின் ஓரமாக இரண்டு வகையிலும் பத்துப் பத்துக் கூடு போட்டிருந்தோம். ஒரு ராத்திரி ஊறவைத்து மறுநாள் எடுத்தோம். மடக்குக் கூடுகளில் 31 பச்சை நண்டு. மின்னோவில் 9. என் கூட்டாளி மின்னோவைக் காலால் தள்ளிவிட்டு, இந்தக் கூடையில் சோப்புதான் வைக்கலாம் என்றான். நானும் சிரித்தேன். கொட்டகைக்கு வந்து அளவுகோலை எடுத்து ஓட்டின் அகலத்தை ஒவ்வொன்றாகக் குறித்தபோது சிரிப்பு நின்றது. மடக்குக் கூட்டில் வந்த அத்தனையும் 50 மில்லிமீட்டருக்கு மேல், கொழுத்த பெரியவை. மின்னோவில் வந்த ஒன்பதில் ஆறு, 30 மில்லிமீட்டருக்குள். அதாவது அந்த ஓடையில் புதுத் தலைமுறை இறங்கிவிட்டது. பெரிய கூட்டை மட்டும் போட்டிருந்தால் அது எனக்குத் தெரிந்தே இருக்காது. இந்த ஓடையில் கிழட்டு நண்டுதான் மிச்சம், அடுத்த வருடம் முடித்துவிடலாம் என்று எழுதிவைத்திருப்பேன்.

இது ஏன் பெரிய விஷயம் என்பதற்கு ஒரு கதை உண்டு. கலிபோர்னியாவில் ஸ்டின்சன் கடற்கரையை ஒட்டி சீட்ரிஃப்ட் என்று ஓர் உப்பங்கழி. டேவிஸ் பல்கலைக்கழகத்தின் எட்வின் குரோஷால்ஸ் குழுவினர் 2009-இல் அங்கே பச்சை நண்டை அடியோடு ஒழிக்க இறங்கினார்கள். சுமார் 1,25,000 நண்டு இருந்த இடத்தில் 2013-இல் பத்தாயிரத்துக்கும் கீழே கொண்டுவந்துவிட்டார்கள். நானாக இருந்தால் விருந்து வைத்திருப்பேன். அடுத்த வருடம், 2014-இல், எண்ணிக்கை சுமார் மூன்று லட்சம். தொடங்கியபோது இருந்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேல். காரணம், பெரிய நண்டு குஞ்சு நண்டைத் தின்னும். பெரியதை எல்லாம் கூடு போட்டு எடுத்துவிட்டால் குஞ்சைத் தின்ன ஆளில்லை, வந்த குஞ்சு அத்தனையும் பிழைத்துவிட்டது. அவர்கள் அதன்பிறகு முழு ஒழிப்பை விட்டுவிட்டு, சேதம் வராத அளவுக்குள் எண்ணிக்கையைப் பிடித்து வைப்பதே போதும் என்று மாறினார்கள்.

சீட்ரிஃப்ட் ஏறக்குறைய மூடிய கழி, வில்லாப்பா வாய் திறந்த விரிகுடா. இங்கே குஞ்சு வெளியிலிருந்தும் வரும், அதனால் அந்தக் கணக்கு அப்படியே இங்கே பொருந்தாது. ஆனாலும் அந்த ஜூன் மாதத்துக்குப் பிறகு, எத்தனை பிடித்தது என்பதைப் பார்த்துக் கூட்டுக்கு மதிப்பெண் போடுவதை நிறுத்திவிட்டேன். எதைப் பிடிக்காமல் விட்டது என்று பார்க்கிறேன். மாமா வாயைப் பார்த்துப் பேசியதும் இதைத்தான்.

மடக்குக் கூடு ஒன்றும் மோசமில்லை. நூறு கூட்டுக்கு எத்தனை நண்டு என்று மாதாமாதம் கணக்குக் கொடுக்க வேண்டிய எங்களுக்கு அது இல்லாமல் ஓடாது. முட்டை சுமக்கும் பெரிய பெட்டையை எடுப்பதும் அதுதான். ஒரு பெட்டை ஒரு தடவையில் 1,85,000 முட்டை வரை இடும் என்பதை நினைத்தால், அந்த ஒரு நண்டுக்காகவே விரலைக் கடிக்கக் கொடுக்கலாம். ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு ஓர் ஓடையைப் பற்றி முடிவு சொல்லாதீர்கள். வாஷிங்டன் சீ கிரான்ட் என்ற கடல் ஆய்வுத் திட்டத்தின் கிராப் டீம் என்ற தன்னார்வலர் குழு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை மாதம் ஒரு ராத்திரி, ஓர் இடத்துக்கு மூன்று மடக்குக் கூடும் மூன்று மின்னோவுமாக மாற்றி மாற்றி வைக்கிறார்கள். முதலில் அதைப் பார்த்தபோது வீண்வேலை என்று நினைத்தவள் நான்தான்.

இரைக்குக் கானாங்கெளுத்தி. உறைந்ததை வெட்டி, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து உள்ளே தொங்கவிடுவது. டப்பா இல்லாமல் மீனைச் சும்மா போட்டால் முதலில் வந்த நண்டே தின்று தீர்த்துவிடும், பின்னால் வருவதற்கு வாசமே இருக்காது.

சியாட்டில் பக்கம் இருக்கும் நம் ஆட்கள் இதைப் படித்துவிட்டுக் கூடு வாங்கக் கிளம்ப வேண்டாம். பச்சை நண்டை உயிரோடு வைத்திருக்கவே அனுமதி வேண்டும். அடித்துக் கொல்லவும் வேண்டாம், ஏனென்றால் பலர் அடிப்பது பச்சை நண்டை அல்ல, பச்சையாக இருக்கும் உள்ளூர் நண்டை. நிறத்தை நம்பாதீர்கள், பச்சை நண்டு சிவப்பாகவும் இருக்கும். கண்ணுக்கு வெளியே ஓட்டின் ஓரத்தில் ஒவ்வொரு பக்கமும் ஐந்து முள் இருக்கிறதா என்று எண்ணுங்கள். இருந்தால் படம் எடுத்து மாநில மீன், வனவிலங்குத் துறைக்கு அனுப்புங்கள். மிச்சம் எங்கள் வேலை.

"அத்தனை நண்டையும் ஐஸ் பெட்டியில வச்சுக் கொல்றதுக்கு, ஒரு ரசமாவது வச்சா என்ன?" என்று அம்மா ஒவ்வொரு ஞாயிறும் கேட்கிறாள். உள்ளங்கை அளவு நண்டு, உடைத்தால் சதை என்று ஒன்றும் தேறாது, அதோடு எண்ணி எடைபோட்டுக் கணக்கில் ஏற்றிய அரசாங்க நண்டு. ஆனால் ரசத்துக்குச் சதை எதற்கு என்று அவள் கேட்பதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

அடுத்த பருவத்துக்கு எழுதிக் கொடுத்த பட்டியல்: மின்னோ நாற்பது, மடக்குக் கூடு இருபது, கேபிள் டை இரண்டு பெட்டி, பருத்தி நூல் ஆறு உருண்டை, மின்னோ கொக்கி கையில் அடங்குமளவு. மடக்குக் கூட்டை வேறு கடையில் கேட்டிருக்கிறேன்.