சார்ஜ் ஏறாத கேமரா பேட்டரி: பல வருடப் பழக்கத்தில் தெரிந்தவை

சார்ஜரில் வைத்ததும் விளக்கு படபடவென்று மினுக்குகிறது, இரவு முழுக்க வைத்தாலும் பச்சை வருவதில்லை. இல்லையென்றால் கொஞ்ச நேரத்திலேயே பச்சை வந்துவிடுகிறது, ஆனால் கேமராவில் போட்டுச் சில படங்கள் எடுப்பதற்குள் அணைந்துவிடுகிறது. கேமரா பேட்டரி மக்கர் செய்வது பெரும்பாலும் இந்த இரண்டில் ஒரு விதமாகத்தான். முதல் வகையில் பல நேரம் பேட்டரி நன்றாகவே இருக்கும். இரண்டாவது வகையில் பேட்டரிக்கு வயதாகிவிட்டது என்று அர்த்தம். இதைப் பிரித்துப் பார்க்காமல் புதியது வாங்குவது வீண்செலவு.

நான் இருப்பது சென்னையில், கடலுக்குப் பக்கம். பள்ளிக்கரணை, வேடந்தாங்கல் என்று பறவைப் படம் எடுக்கப் போவேன். பல வருடங்களாக அதே டிஎஸ்எல்ஆர் (லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா) தான். கூடவே வந்த ஒரிஜினல் பேட்டரியும் இன்னும் இருக்கிறது.

அந்தப் பேட்டரி சார்ஜரில் மினுக்க ஆரம்பித்தபோது முதலில் பார்த்தது சார்ஜரைத் தொடும் அதன் உலோகத் தகடுகளைத்தான். பிளஸ், மைனஸ் தவிர ஒன்றிரண்டு கூடுதல் தகடுகள் இருக்கும். உள்ளே இருக்கும் சூட்டை அளந்து சொல்லவும், சில மாடல்களில் பேட்டரியின் சிப் கேமராவோடு பேசவும் அவை வேண்டும். அந்தத் தகவல் வராவிட்டால், பிளஸும் மைனஸும் சரியாகத் தொட்டாலும் நல்ல சார்ஜர் கரண்ட்டைத் திறந்துவிடாது. கடற்காற்றில் என் பேட்டரியின் தகடுகள் மேல் மங்கலாக ஒரு படலம் படிந்திருந்தது. உலர்ந்த துணிக்கு அது அசையவில்லை. பஞ்சுக்குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்ததும் பஞ்சு நுனி கறுத்து வந்தது. சார்ஜரின் பிளக்கைக் கழற்றிவிட்டு அதன் முனைகளையும் அப்படியே துடைத்து, நன்றாகக் காயவிட்டு வைத்தேன். மினுக்கல் நிதானத்துக்கு வந்தது, பச்சையும் வந்தது. ரப்பரால் அழுத்தித் தேய்க்கச் சொல்பவர்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை. பல பேட்டரிகளில் மேலே இருப்பது மெல்லிய தங்க முலாம். தேய்த்தால் அதுவும் போய்விடும். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம்.

சூடும் ஒரு காரணம். பல கேமராக் கையேடுகள் 5 முதல் 40 டிகிரி செல்சியஸுக்குள் சார்ஜ் ஏற்றச் சொல்கின்றன. கத்திரி வெயிலில் நின்ற காரிலிருந்து எடுத்த கையோடு வைத்தால் சார்ஜர் மறுப்பது நியாயம்தான். ஃபேனுக்குக் கீழே ஆறவிட்டு வையுங்கள்.

அப்புறமும் ஏறவில்லையா? அதே மாடல் பேட்டரி ஒன்றைத் தெரிந்தவரிடம் வாங்கி உங்கள் சார்ஜரில் வையுங்கள், உங்களுடையதை அவர் சார்ஜரில் வையுங்கள். எது பழுது என்று தெரிந்துவிடும்.

மாதக்கணக்கில் காலியாகவே கிடந்த பேட்டரி வேறு கதை. டிஎஸ்எல்ஆர் பேட்டரிக்குள் பெரும்பாலும் இரண்டு லித்தியம் அயன் செல்கள் தொடராக இருக்கும். முழு சார்ஜில், வோல்ட் அளக்கும் மல்ட்டிமீட்டர் 8.4 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். வோல்ட் மிகவும் இறங்கினால் பாதுகாப்புச் சுற்று தன்னைத் துண்டித்துக்கொள்ளும், மீட்டரிலும் பூஜ்யம் காட்டலாம். நல்ல சார்ஜர்கள் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் கொடுத்து அதை எழுப்பப் பார்க்கும், சில சமயம் எழுந்தும்விடும். எழவில்லை என்றால் ஒயர் கொடுத்து வேறு பேட்டரியால் எழுப்பும் வேலை வேண்டாம். அடியோடு இறங்கிய செல்லில் உள்ளே இருக்கும் செம்புத் தகடு கரைந்து, திரும்பச் சார்ஜ் ஏற்றும்போது ஷார்ட் ஆகலாம். பணத்துக்காகச் சொல்லவில்லை, வீடு தீப்பிடிக்கும் விஷயம் இது.

இனி இரண்டாவது வகை. சில வருடங்கள் கழித்து அந்த ஒரிஜினல் பேட்டரிக்கும் இது வந்தது. மீட்டரில் 8.3 வோல்ட், கேமராவில் முழுக் கட்டம். ஆனால் லென்ஸ் ஃபோகஸ் தேடி, தொடர்ந்து ஷட்டர் ஓடினதும் கட்டம் சடாரென்று சிவப்புக்கு விழும். அணைத்துச் சற்று நேரம் விட்டால் பாதிக் கட்டம் திரும்பி வரும். வயதாக ஆக செல்லின் உள்மின்தடை ஏறுவதுதான் காரணம். தொட்டியில் தண்ணீர் இருந்தும் உப்படைத்த குழாயில் வேகம் வராதது போல. இதைத் துடைத்துச் சரிசெய்ய முடியாது. கேனான் கேமராக்கள் பலவற்றில் பேட்டரி தகவல் பக்கத்தில் ரீசார்ஜ் பெர்ஃபார்மன்ஸ் என்று கட்டங்கள் இருக்கும். மூன்றும் பச்சையென்றால் நன்றாக இருக்கிறது, ஒன்றே ஒன்று சிவப்பாக இருந்தால் மாற்ற வேண்டியதுதான். நிக்கானில் பேட்டரி ஏஜ் 0 முதல் 4 வரை. 4 வந்தால் ஆயுள் முடிந்தது. ரொம்பப் பேர் இந்தப் பக்கத்தைத் திறந்தே பார்ப்பதில்லை. செகண்ட்ஹேண்டில் கேமரா வாங்குபவர்கள் கட்டாயம் திறந்து பாருங்கள்.

மலிவு விலையில் வாங்கிய வேறு கம்பெனிப் பேட்டரி ஒன்றும் என்னிடம் இருந்தது. லேபிளில் ஒரிஜினலைவிட அதிகக் கொள்ளளவு (மில்லிஆம்பியர்-மணி) போட்டிருந்தும் எடுத்த படங்கள் குறைவுதான். ஒரிஜினல் சார்ஜரில் ஏறாது, அதன் சொந்த சார்ஜரே வேண்டும். பிறகு லேசாக உப்பி, கேமராவிலிருந்து வெளியே வர அடம்பிடித்தது. உப்பிய பேட்டரியைக் குத்தவோ அழுத்தவோ கூடாது. முனைகளில் டேப் ஒட்டி மின்கழிவு சேகரிப்பு இடத்தில் கொடுத்துவிட்டேன். இந்தியாவில் 2022ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழையவற்றைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளர்கள் பொறுப்பு, அதனால் குப்பைத்தொட்டியில் போட வேண்டாம்.

இப்போது புதிய ஒரிஜினல்கள் இரண்டை மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறேன், வாங்கிய மாதத்தை மார்க்கரால் மேலே எழுதி. சீசன் முடிந்தால் பாதி சார்ஜில் கேமராவிலிருந்து கழற்றி, மூடி போட்டு, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைக்கிறேன். அவ்வப்போது எடுத்துப் பார்த்து, குறைந்திருந்தால் பாதிக்கு ஏற்றிவைப்பேன். பழைய ஒரிஜினலை சென்சார் சுத்தம் செய்யும்போதுகூடப் போடுவதில்லை. அப்போது ஷட்டர் திறந்தே இருக்கும், பாதியில் மின்சாரம் நின்றால் மூடிக்கொண்டு சேதமாகலாம். படங்களைக் கணினிக்கு மாற்ற மட்டும் போதுமானதாக இருக்கிறது.