வோலோஸ் கைடு டு மான்ஸ்டர்ஸ்: முதல் அத்தியாயத்துக்காகவே வாங்கலாம்

மேசையைச் சுற்றி அமர்ந்து கதையாக ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் ஐந்தாம் பதிப்புக்காக 2016இல் வெளியான நூல் இது. பீஹோல்டர், ராட்சதர், கோபோல்ட், ஆர்க் எனச் சில கற்பனை இனங்கள் எப்படி வாழ்கின்றன, எதை நம்புகின்றன என்று முதல் அத்தியாயம் விரிவாகச் சொல்கிறது.

அதில் கோப்ளின் என்ற குட்டி அரக்கர்களின் பகுதிதான் அருமை. கூட்டத்துக்குள் நான்கு படிநிலைகள்: மேலே சாட்டைக்காரர்கள், பிறகு வேட்டையாடுவோர், உணவு சேகரிப்போர், அடியில் ஒதுக்கப்பட்டோர். ஆட்டத்தை நடத்தும் நீங்கள் இதை மேசையில் அப்படியே வாசித்துக்காட்டினால் ஆட்டம் படுத்துவிடும். படிநிலைக்கு ஒரு பாத்திரம், அதற்கு ஒரே ஓர் ஆசை என நான்கு பேரை எழுதிக்கொள்ளுங்கள். யார் முதலில் சாப்பிடுகிறார், யார் சாணம் அள்ளுகிறார் என்பதைக் காட்சியில் காட்டுங்கள். முதல் அமர்வுக்கு இரண்டு படிநிலைகளே போதும். ஒதுக்கப்பட்ட கோப்ளின் ஒன்று ரகசியமாகப் பேரம் பேச வரட்டும், வீரர்கள் வாளை உறையில் போட்டுவிட்டுக் கேட்கத் தொடங்குவார்கள்.

குறையும் பெரிதுதான். ஒரு முழு இனத்தையும் ஒரே குணத்துக்குள் அடைத்துவிடுகிறது. கூட்டத்தின் வழக்கத்தை மறுக்கும் ஓர் ஆளையாவது நீங்களே சேர்க்காவிட்டால் எல்லா ஆர்க்கும் ஒரே ஆர்க்காகிவிடும்.

விதிகளிலும் கவனம் தேவை. வீரர் ஆடும் ஆர்க் பாத்திரத்துக்கு அறிவுத்திறனிலும் கோபோல்ட் பாத்திரத்துக்கு வலிமையிலும் 2 புள்ளி குறைத்திருந்தார்கள். 2020 திருத்தம் அதை நீக்கியது. பழைய அச்சுப் பிரதியில் பென்சிலால் அடித்துவிடுங்கள். 2022இல் வந்த மாற்று நூலில் விதிகள் புதியவை, ஆனால் இந்தச் சமூக விவரங்கள் பெரும்பாலும் இல்லை. கோப்ளின் கிராமம் ஒன்றை உருவாக்க நினைப்பவர்களுக்குப் பழைய பிரதியே உதவும்.