ஹொண்டா காருக்கு டொயோட்டா நட்: ஹட்டன் பக்கம் டயர் மாற்றுவோர் கவனத்திற்கு

ஹட்டன் – நுவரெலியா வீதியோரத்து டயர் கடை ஒன்று எங்கள் உயிரோடு விளையாடியிருக்கிறது. மலையகத்தில் ஹொண்டா கார் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து முழுவதும் வாசியுங்கள்.

என் ஹொண்டா ஃபிட்டுக்கு முன்பக்க டயர்கள் இரண்டையும் மாற்றக் கொடுத்தேன். "அண்ணே, நட் எல்லாம் தேய்ந்துவிட்டன, இனிப் பிடிக்காது" என்று சொல்லி, முன் சில்லுகள் இரண்டுக்கும் புது நட் எட்டுப் போட்டார்கள். பில்லில் 'ஒரிஜினல்' என்று எழுதி, அதற்கான விலையையும் வாங்கினார்கள். பழைய நட்டுகளைக் கேட்டேன், குப்பையோடு போய்விட்டனவாம்.

கொட்டகலையைத் தாண்டி, டெவன் நீர்வீழ்ச்சிப் பக்கத்து வளைவுகளில் ஸ்டியரிங் நடுங்கத் தொடங்கியது. வலப்பக்கம் திருப்பும்போதெல்லாம் இடது முன் சில்லிலிருந்து 'டக், டக்' என்று சத்தம். பின் இருக்கையில் அம்மாவும் பிள்ளைகளும் இருந்தார்கள். ஓரங்கட்டிப் பார்த்தால், இரண்டு நட்டுகள் விரலாலேயே சுழன்றன. காரோடு வந்த ஸ்பானரை மாட்டினால் பொருந்தவே இல்லை! ஹொண்டா நட்டுக்கு 19 மில்லிமீட்டர் ஸ்பானர். இவர்கள் போட்டிருந்தது 21. அவ்வழியே வந்த டொயோட்டா வேன்காரர் ஒருவர் தம்முடைய ஸ்பானரால் இறுக்கித் தந்தார். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

தலவாக்கலையில் வயதான மெக்கானிக் ஒருவர் ஒரு நட்டைக் கழற்றிக் கையில் வைத்தவுடனேயே சொல்லிவிட்டார்: "தம்பி, இது டொயோட்டா நட்." இரண்டுக்கும் மரை ஒன்றுதான், 12 மில்லிமீட்டர் போல்ட், மரைக்கு மரை 1.5 மில்லிமீட்டர் இடைவெளி. அதனால் தடையில்லாமல் ஏறிவிடும். ஆனால் ஹொண்டாவின் சொந்த ரிம்மில் நட் உட்காரும் குழி உருண்டையானது. டொயோட்டா நட்டின் முனையோ கூம்பு. குழியில் முழுதாகப் படியாமல் மெல்லிய வளையமாக மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும். ஓட ஓடத் தளரும், ரிம்மின் துளையையும் தின்னும். என் ரிம்மில் அந்தத் தேய்மானம் தெளிவாகத் தெரிந்தது. ஒரு போல்ட்டின் மரையும் போய்விட்டது.

அவர் வேலை செய்த விதத்தையும் சொல்ல வேண்டும். சில்லு உட்காரும் இடத்துத் துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்தார். மரைக்கு எண்ணெய் பூசவில்லை. ஹொண்டா நட்டுகளைக் கையால் ஏற்றி, எதிரெதிராக இறுக்கி, ஜெக்கை இறக்கிய பிறகே, இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ரென்ச்சால் 108 நியூட்டன் மீட்டருக்கு முடித்தார். டயர் கடையிலோ காற்று கன்னால் ஒவ்வொன்றாக 'டர்ர்' என்று அடித்துவிட்டு அனுப்பினார்கள். அப்படி அளவில்லாமல் இறுக்கினால் போல்ட் இழுபடும், பிரேக் டிஸ்க்கும் கோணும். இறம்பொடை இறக்கத்தில் அந்தப் பிரேக்கை நம்பித்தான் இறங்குகிறோம்.

கடைக்குத் திரும்பிப் போய்க் கேட்டேன். "மலை ரோட்டில் ஓடினால் நட் தளரத்தான் செய்யும்" என்றார்கள். பச்சைப் பொய். சரியான நட், சரியான இறுக்கம் என்றால் மலையிலும் தளராது. சில்லைக் கழற்றி மாட்டினால் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் ஒருமுறை மீண்டும் இறுக்கம் பார்க்க வேண்டும் என்பது எந்த வீதிக்கும் உள்ள விதி. அதைக்கூட அவர்கள் எனக்குச் சொல்லவில்லை.

பணம் திரும்பவில்லை. பில்லோடு நுகர்வோர் விவகார அதிகாரசபையில் முறையிட்டிருக்கிறேன். தொலைபேசி இலக்கம் 1977. அண்மையில் எங்காவது நட் மாற்றிய ஹொண்டாக்காரர்கள், காரோடு வந்த ஸ்பானர் அவற்றுக்குப் பொருந்துகிறதா என்று இன்றே மாட்டிப் பாருங்கள். பொருந்தினாலும் ஒன்றைக் கழற்றி முனையைப் பாருங்கள். கம்பனி ரிம்மில் கூம்பு முனை இருந்தால், அந்தக் காரில் மலை இறங்காதீர்கள்.