மலைவீட்டுக் குப்பையை ரோட்டுக்குக் கொண்டுபோக: சாக்கா, வாளியா, சக்கரமா, கயிறா?

குப்பை கொண்டுபோக எதையாவது வாங்க நினைக்கிறவர் முதலில் பார்க்க வேண்டியது, வீடு ரோட்டுக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதைத்தான். கொழும்பில் இப்படி யாரும் கேட்பதில்லை. கேட்டைத் திறந்தால் ரோடு. ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் அப்படியா? வீட்டு வாசலிலிருந்து சில படிகள், பிறகு தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதை, அதைத் தாண்டிக் கல் பாவிய தோட்டத்து ரோட்டு. தோட்டங்களுக்குப் பிரதேச சபை வேலை செய்ய இடைஞ்சலாக இருந்த 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம் 2018இல் திருத்தப்பட்டது உண்மைதான். அதற்காக லொறி படி ஏறி வருமா? ரோட்டு முடிகிற இடத்தில்தான் நிற்கும். மீதித் தூரம் நம் பாடு.

மேலே இருக்கும் வீட்டுக்காரர் பாரத்தோடு இறங்கி வெறுங்கையோடு ஏறுகிறார். அவருக்குச் சிக்கல் பிடிமானமும் வழுக்கலும். கீழே இருப்பவர் பாரத்தோடு ஏற வேண்டும். அவருக்கு மூச்சும் முழங்காலும். இருவருக்கும் ஒரே பொருளைச் சிபாரிசு செய்ய முடியாது.

இன்னொரு சங்கதியும் உண்டு. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளன்று கொழும்புக்குப் பக்கத்து மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்த பிறகு, தரம் பிரிக்காத குப்பையை எடுக்க மாட்டோம் என்று பல சபைகள் கண்டிப்புக் காட்டத் தொடங்கின. சமையலறைக் கழிவுக்குப் பச்சை, காகிதத்துக்கு நீலம், பிளாஸ்டிக்குக்குச் செம்மஞ்சள், கண்ணாடிக்குச் சிவப்பு, உலோகத்துக்குக் கபிலம் என்று நிறமும் ஒதுக்கியாகிவிட்டது. ஆகவே ஒரே சாக்கில் எல்லாவற்றையும் திணித்து ஒரே நடையில் முடிக்கிற காலம் போய்விட்டது. சமையலறைக் கழிவு கொஞ்ச இடம்தான் பிடிக்கும், ஆனால் பாரம், சொட்டவும் சொட்டும். பிளாஸ்டிக் போத்தலும் அட்டைப்பெட்டியும் இடத்தை அடைக்கும், எடை இல்லை. ஒன்றுக்குப் பொருந்துவது மற்றதற்குப் பொருந்தாது.

முதலில் சாக்கு. உரம் வந்த பேக், அரிசி வந்த பேக், எதுவானாலும் காசில்லாமல் கிடைக்கிறது. முதுகில் போட்டால் எந்தப் படியிலும் போகலாம், எந்தச் சந்திலும் திரும்பலாம். கொழுந்துக் கூடையைப் போலத் தலையில் கயிறு மாட்டித் தூக்கினால் இரண்டு கையும் சும்மா இருக்கும். ஒரு கையில் குடை, மறு கையில் கைப்பிடிக் கம்பி. காகிதம், பிளாஸ்டிக் கொண்டுபோக இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஈரக் குப்பைக்கு மட்டும் ஆகாது. சாறு முதுகில் இறங்கும், நாற்றம் சட்டையை விட்டுப் போகாது. கண்ணாடித் துண்டு இருந்தால் சாக்கைக் கிழித்துக்கொண்டு இடுப்பைப் பதம் பார்க்கும். நாள் முழுக்கக் கொழுந்து சுமந்த பெண்ணின் கழுத்தில் வீட்டுக் குப்பையையும் ஏற்றுகிறோமே என்பதையும் யோசிக்க வேண்டும். ‘சாக்கு இருக்கும்போது வேறு எதற்குச் செலவு’ என்று சொல்கிறவர் பெரும்பாலும் அந்தச் சாக்கைத் தூக்குகிறவர் அல்ல.

ஈரக் குப்பைக்கு மூடி உள்ள வாளிதான் சரி. பெயின்ட் வந்த 20 லிட்டர் வாளி பழைய சாமான் கடைகளில் கிடைக்கும். ஒரே வாளியை வாய்வரை நிரப்பி ஒரு பக்கமாகச் சாய்ந்து நடப்பதைவிட, இரண்டு வாளிகளில் பாதிப் பாதியாக இரு கையிலும் தூக்குவது முதுகுக்கு நல்லது. சின்ன வாளி இரண்டு என்றால் இன்னும் நல்லது. குறை, இரண்டு கையும் மாட்டிக்கொள்கின்றன. மழை நாளில் பாசி பிடித்த படியில் கைப்பிடி பிடிக்காமல் இறங்குவது ஆபத்து. ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை, பதுளைப் பக்கம் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை படிகள் காய்வதே அரிது. அந்த மாதங்களில் ஒரு வாளி மட்டும் எடுத்து இரண்டு நடையாகப் போவதே புத்திசாலித்தனம்.

சக்கரத் தொட்டியைப் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். பச்சை நிறத்தில், மூடியோடு, 120 லிட்டர், 240 லிட்டர் என்று விற்கிறார்கள். நுவரெலியா, கண்டி நகரங்களில் கொங்கிரீட் பாதையோடு இருக்கும் வீடுகளுக்கு நல்ல பொருள்தான். படி இருக்கும் வீட்டுக்கு வேண்டாம். பெரிய தொட்டி வெறுமையாகவே பத்துக் கிலோவுக்கு மேல் வரும். ஐந்து அடிக்கு ஓர் அடி இறங்கும் சரிவில், குப்பையோடு சேர்த்து 30 கிலோ உள்ள தொட்டி சுமார் 6 கிலோ விசையில் ஆளைக் கீழே இழுக்கும். காய்ந்த தரையில் சமாளிக்கலாம். ரப்பர் செருப்போடு ஈரத் தரையில் நின்றால் தொட்டி நம்மைக் கூட்டிக்கொண்டு போய்விடும். கீழே இருக்கும் வீட்டுக்காரருக்கோ வெறும் தொட்டியை ஏற்றுவதே ஒரு வேலை.

கைட்ரொலி விஷயம் வேறு. கடைகளில் மூட்டை, பெட்டி தள்ளுகிற இரண்டு சக்கர இரும்பு வண்டியைச் சொல்கிறேன். குப்பைக்காக மட்டும் என்றால் வாங்கச் சொல்ல மாட்டேன். ஆனால் சமையல் காஸ் சிலிண்டரும் அதே பாதையில்தானே வீட்டுக்கு வர வேண்டும்? உள்ளே இருக்கும் காஸ் 12.5 கிலோ, இரும்பின் எடையையும் சேர்த்தால் கிட்டத்தட்ட இரு மடங்கு. அரிசி மூட்டையும் உண்டு. போகும்போது குப்பை வாளி, வரும்போது சிலிண்டர் என்று கணக்குப் போட்டால் ட்ரொலிக்குக் கொடுக்கும் காசு வீணில்லை. வாளியைச் சட்டத்தோடு ரப்பர் பட்டியால் கட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் மூன்றாவது படியில் கவிழும்.

இதில் பக்கத்துக்கு மூன்று சக்கரம் வைத்த படியேறும் ட்ரொலியும் வருகிறது. படியில் முட்டியதும் மூன்று சக்கரமும் ஒன்றாகச் சுழன்று அடுத்த படியில் ஏறிக்கொள்ளும். சீரான சீமெந்துப் படியில் அழகாக வேலை செய்யும். ஒரு படி அரை அடி, அடுத்தது ஒன்றேகால் அடி என்றிருக்கும் பழைய கருங்கல் படியில் முக்கி நின்றுவிடும். தோட்டத்துக் கல் ரோட்டில் அந்தச் சின்னச் சக்கரங்கள் படுகிற பாட்டைச் சொல்ல வேண்டாம். அங்கே காற்றடைத்த பெரிய டயர் இரண்டு போதும். எந்த ட்ரொலியானாலும் ஆள் மேற்பக்கம், பாரம் கீழ்ப்பக்கம். இறங்கும்போது வண்டி முன்னால் போக வேண்டும். ஏறும்போது ஆள் முன்னால் நின்று இழுக்க வேண்டும். பாரத்துக்குக் கீழே நின்று தள்ளக் கூடாது.

வீல்பரோ என்கிற ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி, படியே இல்லாத இடத்துக்கு மட்டும்.

ரோட்டுக்குக் கீழே, செங்குத்தாக இருக்கும் வீடுகளுக்குக் கயிறும் கப்பியும் நல்ல யோசனை. மேல் மலையில் எடுத்த கொழுந்தைக் கம்பியில் தொங்கவிட்டு ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, அனுப்பிய தோட்டங்கள் இருந்தன. மலைநாட்டுக்கு இது புதிதல்ல. ரோட்டோரத்தில் உறுதியான இரும்புத் தூணில் ஒரு கப்பி, கீழே வாளி. ஒரு கப்பி பாரத்தைக் குறைக்காது; மேல்நோக்கித் தூக்குவதைக் கீழ்நோக்கி இழுப்பதாக மாற்றும், நம் உடம்பின் எடை துணைக்கு வரும். வாளியோடு நகரும் இரண்டாவது கப்பி சேர்த்தால் விசை பாதியாகும், இழுக்க வேண்டிய கயிறு இரு மடங்காகும். அப்புறம் நாம் வெறுங்கையோடு ஏறிப் போய் வாளியை எடுத்துக்கொள்ளலாம். வயதானவர்கள் உள்ள வீட்டுக்கு இது பெரிய உதவி. ஆனால் கயிறு அறுந்தால் வாளி யார் தலையில் விழும் என்று பார்க்காமல் கட்டக் கூடாது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் பாதைக்கு மேலாகவும் மின்கம்பிக்குப் பக்கத்திலும் வேண்டவே வேண்டாம்.

யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு போட்டியாளரும் இருக்கிறது. இருட்டியதும் பள்ளத்தில் கொட்டிவிடுவது. இதைவிடச் சுலபம் எதுவுமில்லைதான். அந்தக் குப்பை கானை, அதாவது வடிகாலை, அடைத்துத் தண்ணீர் சரிவுக்குள் இறங்கினால் என்ன ஆகும் என்பதை 2025 நவம்பரில் டித்வா புயலின் மண்சரிவுகளைப் பார்த்த பிறகு மலைநாட்டில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

இத்தனையும் தூக்குவதைப் பற்றி. தூக்காமல் விடுவதைப் பற்றியும் பேச வேண்டும், ஏனென்றால் வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் மக்கக்கூடியது, பாரமும் அதுதான். கொஞ்சம் தோட்டம் இருப்பவர் கொம்போஸ்ட் தொட்டி வைத்துவிட்டால் ட்ரொலி, கப்பி எதுவும் தேவைப்படாமல் போகலாம்; ஒரு சாக்கு போதும். பண்டாரவளையில் சீக்கிரம் மக்குவது, 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாக் குளிரில் மெதுவாகத்தான் மக்கும். காட்டுப்பன்றி வரும் இடத்தில் மூடியும் பூட்டும் வேண்டும். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக் காம்பராக்களில் இருப்பவருக்குத் தொட்டி வைக்கத் தனி இடமே இல்லை. நாலைந்து வீடு சேர்ந்து ஒன்று வைப்பதுதான் வழி.

இரண்டே வரியில் கேட்டால் என் தேர்வு இதுதான். மேலே இருக்கும் வீட்டுக்கு, உலர்ந்ததற்கு முதுகுச் சாக்கும் ஈரத்துக்குச் சின்ன வாளியும். கீழே இருக்கும் வீட்டுக்கு, படி சீராக இருந்தால் ட்ரொலி, இல்லாவிட்டால் கப்பி.

எப்படிக் கொண்டுபோனாலும் ரோட்டில் எங்கே வைக்கிறோம் என்பது மிச்சமிருக்கிறது. காலையில் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் வேலைக்குப் பேர் கொடுக்க, போகிற அவசரத்தில் வைத்துவிட்டுப் போவோம்; லொறி பிறகுதான் வரும். அதற்குள் நாயும் குரங்கும் பிரித்துப் பரப்பிவிடும். அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்து இடுப்பளவு உயரத்தில் ஒரு இரும்புத் தட்டு, அதைச் சுற்றி வலை, மேலே கொக்கி போட்ட மூடி என்று வெல்டிங் கடையில் சொல்லிச் செய்துகொள்ளலாம். இடுப்பளவு என்றால் லொறியில் வருகிற தொழிலாளிக்கும் குனிந்து தூக்குகிற வேலை குறையும். தட்டை இடைவெளி விட்ட கம்பியில் செய்யச் சொல்லுங்கள், தகட்டில் செய்தால் மழைத் தண்ணீர் தேங்கிவிடும்.