பூமாவின் கழுத்துப்பட்டை: முழுக்கப் பதிவதா, விட்டுவிட்டா, பாய்ந்தால் மட்டுமா?

கலிபோர்னியாவின் சான்டா குரூஸ் மலைகளில் திரியும் பூமா (அமெரிக்கப் பெரும்பூனை), நாளின் பெரும்பகுதி படுத்தே கிடக்கும்; மான் மீது பாய்வது சில விநாடி வேலை. அந்தச் சில விநாடிகள் கிடைக்குமா என்பது, கழுத்துப்பட்டையில் இருந்து அசைவை அளக்கும் முடுக்கமானியின் விலையைப் பொறுத்ததல்ல, பதிவு முறையைப் பொறுத்தது.

முழுக்கப் பதிவதில் எதுவும் தப்பாது. மூன்று அச்சு, ஒவ்வொரு அளவீடும் 16 பிட் (2 பைட்), 32 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 32 முறை) என்றால் விநாடிக்கு 192 பைட், வருடத்துக்குச் சுமார் 6 ஜிபி. மெமரி கார்டுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. வெளியே எடுப்பதில்தான் வம்பு: இரிடியம் செயற்கைக்கோள் குறுஞ்செய்தி ஒன்றில் 340 பைட்தான் ஏறும், அதில் இரண்டு விநாடித் தரவுகூட அடங்காது. ஆகவே பட்டை கைக்கு வந்தே தீர வேண்டும். கழன்று விழ வேண்டிய பூட்டு மக்கர் செய்தால் மறுபடி மயக்க ஊசிதான். பேட்டரியும் சோதிக்கும். லித்தியம் தயோனைல் குளோரைடு செல்லில் கொள்ளளவு அதிகம், ஆனால் திடீர் மின்னிழுப்பைத் தாங்காது. குளிரில் கார்டு எழுதும்போது மின்னழுத்தம் சரிந்து கருவி ரீசெட் ஆகும். செல்லுக்கு இணையாகப் பெரிய கெப்பாசிட்டர் (மின்தேக்கி) ஒன்று வையுங்கள். தரவை ராமில் (தற்காலிக நினைவகத்தில்) சேர்த்து 512 பைட் கட்டுகளாக எழுதுங்கள்.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை 10 விநாடி பதிந்தால் தரவு முப்பதில் ஒரு பங்காகக் குறையும். தூக்கம், நடை, மேய்தல் எவ்வளவு நேரம் என்று கணக்கிட இது தாராளம். மான், யானை ஆய்வுக்கு இதற்கு மேல் செலவழிப்பது வீண். வேட்டைக்கோ உதவாது. 5 விநாடிப் பாய்ச்சலின் ஒரு துணுக்காவது சிக்கும் வாய்ப்பு 300-ல் 15, அதாவது 5 சதவீதம்.

மூன்றாவது வழியில் சென்சர் விழித்திருக்கும், கார்டு தூங்கும். கடைசி 30 விநாடி ராமில் சுழன்றுகொண்டே இருக்கும் (6 கேபிகூட ஆகாது). ஒவ்வொரு அச்சிலும் 2 விநாடிச் சராசரியைக் கழித்தால் புவியீர்ப்பு போய் அசைவு மட்டும் மிஞ்சும். மூன்று அச்சின் கூட்டு அளவு வரம்பைத் தாண்டினால், அந்த 30 விநாடியோடு அடுத்த 60 விநாடியும் கார்டில் ஏறும், ஜிபிஎஸ்ஸும் விழிக்கும். போட்ஸ்வானாவில் ஐந்து சிவிங்கிப்புலிகளின் 367 ஓட்டங்களை அளந்து 2013-ல் வெளியான ஆய்வின் பட்டைகளும் அசைவைப் பார்த்தே ஜிபிஎஸ் இடம் பதியும் வேகத்தைக் கூட்டின. அந்த ஓட்டங்களின் உச்ச வேகம் மணிக்கு 93 கி.மீ.

வரம்பை ஒரே அச்சில் வைக்காதீர்கள். பட்டை கழுத்தில் சுற்றினால் அச்சுகள் இடம் மாறிவிடும். பேட்டரியைத் தொண்டைக்குக் கீழே தொங்கவிட்டால் அதன் எடையே ஓரளவு நிலைநிறுத்தும். ±2 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் இரு மடங்கு) அளவெல்லையில் பாய்ச்சலின் உச்சி வெட்டுப்படும். ±8 ஜி வையுங்கள். பின்காலால் சொறிவதும் தலையை உதறுவதும் வரம்பைத் தாண்டும். தாண்டட்டும், பிறகு பிரித்துக்கொள்ளலாம். 'இது வேட்டை' என்று பட்டையே முடிவுகட்டி, மூலத்தரவை அழிக்க மட்டும் விடாதீர்கள். அந்த முடிவு தப்பென்றால் திருத்த எதுவும் மிஞ்சாது.

பூமாவுக்கு மூன்றாவதுதான் எங்கள் தேர்வு. ஆனால் வரம்பு எண் முழுப் பதிவிலிருந்துதான் கிடைக்கும். சான்டா குரூஸ் ஆய்வாளர்களும் பட்டையைக் காட்டுக்கு அனுப்புமுன், வளர்ப்புப் பூமாக்களை ட்ரெட்மில்லில் நடக்கவிட்டு, ஆக்சிஜன் செலவோடு அளவீடுகளைப் பொருத்திப் பார்த்தார்கள். முழுப் பதிவுக் கட்டத்தில், விலங்கைப் படம்பிடிக்கும் வீடியோவின் கடிகாரத்தையும் பட்டைக் கடிகாரத்தையும் தினமும் ஜிபிஎஸ் நேரத்தோடு ஒப்பிடுங்கள். 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) பிழையுள்ள கடிகாரப் படிகம் ஒரு நாளில் 1.7 விநாடி விலகும், பாய்ச்சல் வேறொரு வீடியோத் துண்டில் போய் உட்காரும்.