குரூசிபிளில் ஒரு அமர்வு: உலக ஸ்நூக்கர் சாம்பியன்ஷிப்புக்கு நேரில் போகலாமா?

ஸ்நூக்கர், கியூ என்ற நீளக் கோலால் மேசையின் பைகளுக்குள் பந்துகளைத் தள்ளும் ஆட்டம்தானே, டிவியிலேயே மேலிருந்து மேசை முழுக்கத் தெரிகிறதே, இதற்குப் போய் எதற்கு டிக்கெட், ரயில், ஓட்டல் அறை என்று செலவு செய்ய வேண்டும் என்று நண்பர் ஒருவர் கேட்டார். கேட்டபோது என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன்.

2025 மே மாதத் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு போயிருந்தேன், குரூசிபிள் அரங்கு இருக்கும் ஊர். ஜாவோ ஷின்டாங்கும் ரானி ஓ'சல்லிவனும் ஆடிய அரையிறுதியின் இரண்டாவது அமர்வுக்கு ஒரு டிக்கெட் கிடைத்தது. ஒரு ஆட்டத்தைப் பல அமர்வுகளாகப் பிரித்து ஆடுவார்கள், ஒவ்வொரு அமர்விலும் சில பிரேம்கள், அதாவது பந்துகளை அடுக்கித் தொடங்கும் தனித்தனிச் சிற்றாட்டங்கள். முதல் அமர்வு 4-4 என்று சமமாக முடிந்திருந்தது. நான் உள்ளே போய் உட்கார்ந்த பிறகு எட்டு பிரேம்கள், எட்டையும் ஜாவோவே எடுத்தார். வெளியே வரும்போது 12-4. ஏழு முறை உலக சாம்பியனான ஒருவர் அந்த அமர்வில் ஒரு பிரேம்கூட எடுக்கவில்லை.

டிவியில் பார்த்திருந்தால் ஜாவோவின் பாட்டிங்கை, அதாவது பந்தைப் பைக்குள் போடும் திறமையைப் பற்றித்தான் இங்கே எழுதியிருப்பேன். இடது கைக்காரர், கியூ அவ்வளவு நேராகப் போகிறது, தூரத்துச் சிவப்புப் பந்தைக்கூட யோசிக்காமல் போடுகிறார் என்றெல்லாம். ஆனால் அரங்கில் என் கண் திரும்பத் திரும்பப் போனது எதிராளி ஆடும்போது ஆட்டக்காரர் உட்கார்ந்து காத்திருக்கும் நாற்காலிக்குத்தான். ஸ்நூக்கரில் எதிராளி மேசையில் இருக்கும்வரை நீங்கள் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. டென்னிஸில் பந்து வந்தால் திருப்பி அடிக்கலாம், செஸ்ஸில் அவர் யோசிக்கும்போது நீங்களும் யோசிக்கலாம், இங்கே அவர் தவறவிடும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். டிவி அந்த முகத்தை இரண்டு விநாடி காட்டிவிட்டு மேசைக்குத் திரும்பிவிடும். நேரில் போனால் அவர் உங்கள் கண்ணெதிரே அப்படியே இருக்கிறார், மேசையிலிருந்து சில அடி தூரத்தில், நெடுநேரம். உண்மையில் டிக்கெட்டுக்குக் கொடுத்த காசு அதற்குத்தான் என்று எனக்குப் பட்டது.

அரங்கின் அமைப்பும் அதற்குத் தோதாக இருக்கிறது. குரூசிபிள் 1971-ல் நாடகத்துக்காகக் கட்டிய அரங்கு. மேடை பார்வையாளர்களுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும், மூன்று பக்கமும் இருக்கைகள், மொத்தமே 980. எந்த இருக்கையும் மேடையிலிருந்து சுமார் 20 மீட்டருக்கு மேல் தள்ளி இல்லை. போட்டி அமைப்பாளர் மைக் வாட்டர்சனின் மனைவி இங்கே ஒரு நாடகம் பார்த்துவிட்டு வந்து, ஸ்நூக்கருக்கு ஏற்ற இடம் என்று சொல்லப்போய்த்தான் 1977-ல் உலகப் போட்டி இங்கே வந்தது. அன்றிலிருந்து எங்கும் போகவில்லை. அந்த அம்மையார் சரியாகத்தான் பார்த்திருக்கிறார், நடிகர் பேசாமல் நிற்பதையும் கடைசி வரிசைக்குக் கொண்டுபோகக் கட்டிய இடமல்லவா.

அப்புறம் அந்த நிசப்தம். பந்து பந்தில் மோதும் சத்தம், பைக்குள் விழும் சத்தம், நடுவர் எண்ணும் குரல், இவ்வளவுதான் கேட்கும். வர்ணனை கேட்பதற்குக் காதில் மாட்டும் சின்ன ரேடியோ அங்கேயே விற்கிறார்கள். ஆட்டம் புதிது என்றால் வாங்கிக்கொள்ளுங்கள், எதிராளிக்கு வாய்ப்புக் கொடுக்காமல் ஆடும் அந்த சேஃப்டி ஷாட்டை ஏன் ஆடினார் என்று புரியும். எனக்கு ஒரு பிரேமுக்கு மேல் அது வேண்டியிருக்கவில்லை, கழற்றிவிட்டேன். வர்ணனையாளர் ஏதோ சொல்ல அரங்கில் பாதிப் பேர் மெல்லச் சிரிப்பார்கள், ஆட்டக்காரருக்கு எதுவும் தெரியாது. அது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

எந்தச் சுற்றுக்கு டிக்கெட் வாங்குவது என்பதில் கொஞ்சம் யோசியுங்கள். போட்டி 17 நாள், 32 பேர். முதல் சுற்றில் 10 பிரேம் எடுத்தால் வெற்றி, அடுத்த சுற்றுக்கும் காலிறுதிக்கும் 13, அரையிறுதிக்கு 17, இறுதிக்கு 18. காலிறுதி முடியும்வரை அரங்கில் இரண்டு மேசைகள், நடுவே ஒரு தடுப்பு. நீங்கள் வாங்குவது ஒரு பக்கத்துக்கான டிக்கெட். உங்கள் பக்கத்தில் ஒருவர் கியூவை நீட்டிக் குனிந்திருக்கும்போது தடுப்புக்கு அந்தப் பக்கம் திடீரென்று கைதட்டல் எழும், அவர் நிமிர்ந்து நின்று, மறுபடி குனிய வேண்டும். சிலருக்கு அந்தப் பரபரப்பு பிடிக்கும். அரையிறுதியில் தடுப்பை எடுத்துவிட்டு ஒரே மேசையை நடுவில் போடுகிறார்கள், அரங்கே வேறாகிவிடுகிறது. என் ஓட்டு அரையிறுதிக்கு. ஒரு எச்சரிக்கை: அரையிறுதி நான்கு அமர்வு என்றாலும் நான்கும் நடக்கும் என்று உத்தரவாதம் கிடையாது. நான் பார்த்த ஆட்டம் ஒரு அமர்வு மிச்சமிருக்கும்போதே 17-7 என்று முடிந்துவிட்டது. அதனால் கடைசி அமர்வை நம்பி ஊர்விட்டு ஊர் போகாதீர்கள், இரண்டாவதோ மூன்றாவதோ நல்லது.

இந்தப் போட்டி ஒரு ரேங்கிங் போட்டி. அப்படியென்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: ஸ்நூக்கரில் தரவரிசைப் புள்ளி என்பதே பரிசுப் பணம்தான், கடந்த இரண்டு வருடத்தில் ரேங்கிங் போட்டிகளில் சம்பாதித்த பவுண்டுகளின் கூட்டல். இங்கே சாம்பியனுக்கு 5,00,000 பவுண்டு என்பதால் ஒரே போட்டியில் வாழ்க்கை மாறிவிடும். ஜாவோ, ஆடக் கூடாது என்று விதித்திருந்த தடைக்காலம் முடிந்து, தொழில்முறைப் போட்டிகளில் ஆடுவதற்கான அட்டை இல்லாமல் அமெச்சூராக வந்தவர். நான்கு தகுதிச் சுற்று ஆட்டங்களை ஜெயித்து உள்ளே நுழைந்து, இறுதியில் 50 வயது மார்க் வில்லியம்ஸை 18-12 என்று வென்று, தரவரிசைப் பட்டியலிலேயே இல்லாதவர் நேராக 11-வது இடத்துக்குப் போனார். உலக சாம்பியனான முதல் சீனரும் அவர்தான்.

திரும்ப நாற்காலிக்கே வருகிறேன். இந்த அரங்கின் பெரிய ஆட்டங்களை யோசித்துப் பாருங்கள், பாதிக் கதை நாற்காலியில்தான் நடந்திருக்கிறது. 1994 இறுதி, 17-17, கடைசி பிரேம், ஜிம்மி வைட் ஒரு சாதாரண பிளாக்கை, அதாவது கருப்புப் பந்தை, தவறவிட்டுப் போய் உட்கார்ந்தார், ஸ்டீபன் ஹெண்ட்ரி மேசையைக் காலி செய்து முடித்தார். ஆறு இறுதிகள் ஆடிய வைட்டுக்கு ஒரு கோப்பைகூட இல்லை. 2023 அரையிறுதியில் 20 வயதுப் பையன் சி ஜியாஹுய் 14-5 என்று முன்னால் இருந்தான், அங்கிருந்து லூகா பிரெசெல் தொடர்ந்து 11 பிரேம் எடுத்து, கடைசியில் 17-15. அந்தப் 11 பிரேமில் அந்தப் பையன் உட்கார்ந்திருந்த நேரத்தை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு கனக்கிறது. 1985 இறுதியில் ஸ்டீவ் டேவிஸும் டெனிஸ் டெய்லரும் கடைசி பிளாக்வரை போனபோது நள்ளிரவு தாண்டியும் 1.85 கோடிப் பேர் பிபிசியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரங்குக்குள் இருந்தவர்கள் ஆயிரம்பேர்கூட இல்லை. அவர்களில் ஒருவராக இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்குவேன்.

நம் பக்கம் இந்த ஆட்டத்துக்குப் பழைய சொந்தம் உண்டு. ஜபல்பூரில் 1875-ல் பிரிட்டிஷ் அதிகாரிகள் மெஸ்ஸில் பிறந்தது, விதிகளை ஒழுங்காக எழுதிவைத்தது ஊட்டி கிளப்பில். ஆனால் ரேங்கிங் போட்டியின் இறுதிவரை ஒரு இந்தியர் போனது 2013-ல்தான், டெல்லியில் ஆதித்யா மேத்தா. சீனாவின் டிங் ஜுன்ஹுயியிடம் 5-0 என்று தோற்றார். அன்று அவரும் நெடுநேரம் உட்கார்ந்துதான் இருந்திருப்பார்.

போகிறவர்களுக்கு இன்னும் ஒன்றிரண்டு. ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். பக்கத்திலேயே விண்டர் கார்டன் இருக்கிறது, கண்ணாடிக் கூரைக்குள் மரங்கள், இடைவேளைக்கு நல்ல இடம். பந்துகள் எப்படிச் சிதறிக் கிடக்கின்றன என்று முழுசாகத் தெரிய வேண்டுமென்றால் மேல் வரிசை எடுங்கள். எனக்கு அடுத்த முறையும் கீழ் வரிசைதான், பந்து கொஞ்சம் மறைந்தாலும் பரவாயில்லை, உட்கார்ந்திருப்பவரின் முகம் தெரிய வேண்டும்.